கால்சியம் மாத்திரை இதயத்துக்கு ஆகாதா? ஆறு வருடம் விழுங்கிய பிறகு கேட்கிறேன்

ஜனவரி 4, இரவு

எனக்கு 63 வயது. 57இல் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தபோது "குறைவுதான், ஆனால் நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை" என்றார்கள். அன்றிலிருந்து காலை ஒன்று, இரவு ஒன்று கால்சியம் மாத்திரை. ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை.

போன மாதம் விடாத இருமலுக்காக நெஞ்சு சி.டி. எடுத்தார்கள். நுரையீரல் சுத்தம். அறிக்கையின் கடைசி வரியில், போகிற போக்கில் எழுதியதுபோல, "இதய ரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் படிவு" என்று இருந்தது.

ஆறு வருடமாக நான் விழுங்கியதுதான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டதா? டாக்டரிடம் கேட்டேன். "இணையத்தில் படித்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்" என்றார். அதுவரை நான் எதையும் படித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.

ஜனவரி 5

ஒரே நாளில் 19 பதில்கள். பாதிப் பேர் "உடனே நிறுத்துங்கள்", பாதிப் பேர் "ஒன்றும் ஆகாது, தொடருங்கள்". ஏன் என்று ஒருவரும் எழுதவில்லை. 34 வருடம் கணக்குத் தணிக்கை பார்த்தவள் நான். ரசீது இல்லாத செலவை ஒத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை.

ஜனவரி 8

ரசீது கிடைத்தது. இந்தச் சண்டை பெரிதானது நியூசிலாந்தில், ஆக்லாந்து ஆராய்ச்சியாளர்களால். மாதவிடாய் நின்ற 1471 பெண்களில் ஒரு பாதிக்குத் தினமும் 1 கிராம் கால்சியம் சிட்ரேட், மறு பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, 5 வருடம். எலும்புக்காகத் தொடங்கிய ஆய்வு. 2008இல் முடிவு வந்தபோது எல்லோரும் பார்த்தது இதயத்தைத்தான். கால்சியம் பக்கத்தில் 31 பெண்கள் மாரடைப்பு வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கத்தில் 14 பேர்.

2010இல் அதே குழு, போலண்டும் ரீடும் மற்றவர்களும், பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். வைட்டமின் டி சேர்க்காமல் கால்சியம் மட்டும் கொடுத்த ஆய்வுகள் அவை. மாரடைப்பு ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது.

படித்து முடித்ததும் பாட்டிலை மூடி மேல் அலமாரியில், ஏணி போட்டால்தான் எட்டும் இடத்தில் வைத்துவிட்டேன்.

ஜனவரி 9

நேற்று எழுதியதை இன்று காலை திரும்பப் படித்தேன். வெட்கமாக இருக்கிறது. 30 சதவீதம் என்று எழுதினேனே, எதில் 30 சதவீதம்? ஒரு ரூபாயில் 30 சதவீதமா, ஒரு கோடியில் 30 சதவீதமா என்று கேட்காமல் அலுவலகத்தில் ஒரு தாளில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அந்த 2010 கட்டுரையிலேயே இதற்கும் பதில் இருக்கிறது. 1000 பேர் 5 வருடம் கால்சியம் சாப்பிட்டால் கூடுதலாக 14 மாரடைப்பு. அதே 1000 பேரில் தடுக்கப்படும் எலும்பு முறிவு 26. மீதி 986 பேருக்கு இந்த மாத்திரையால் மாரடைப்புக் கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. மணிக்கட்டு முறிவையும் மாரடைப்பையும் ஒரே பத்தியில் கூட்டிக் கழிக்க முடியாது, அது வேறு விஷயம்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. 31க்கு 14 என்பது பெண்கள் தாங்களாகச் சொன்ன கணக்கு. மருத்துவப் பதிவுகளை வைத்துச் சரிபார்த்தபோது 21க்கு 10 ஆனது. யாரும் சொல்லாமல் விட்டுப்போன மாரடைப்புகளை அரசுப் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சேர்த்ததும் வித்தியாசம் இன்னும் சுருங்கி, தற்செயலாகவும் இருக்கலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். மறைக்கவில்லை. நான்தான் பாதியில் நிறுத்திக்கொண்டு ஏணியைத் தேடப் போனேன். அந்தப் பாட்டில் மேலேயே இருக்கட்டும், வேறொரு பாட்டில் வாங்கி மாத்திரையைத் தொடர்கிறேன்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

சொன்ன கணக்குக்கும் சரிபார்த்த கணக்குக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எதிர்த்தரப்பு ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் ஒரு காரணம்: கால்சியம் மாத்திரை மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் தரும். வயிற்றில் கிளம்பும் வாயு நெஞ்சை அடைத்தால் மாரடைப்பு மாதிரியே இருக்கும்.

இருக்கும் என்பதற்கு நானே சாட்சி. மூன்று வருடம் முன்பு நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வீட்டையே எழுப்பி, அவசரப் பிரிவுக்குப் போய், இ.சி.ஜி. எடுத்து, ரத்தம் எடுத்து, கடைசியில் ஏப்பம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த வருடம் யாராவது என்னிடம் படிவம் நீட்டி "மாரடைப்பு வந்ததா" என்று கேட்டிருந்தால் ஆம் என்று எழுதியிருப்பேனோ என்னவோ.

ஜனவரி 12

"அமெரிக்கப் பெரிய ஆய்வைப் பாருங்கள், ஆக்லாந்து பொய்" என்று ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். பார்த்தேன். பெண்கள் நல முன்முயற்சி என்ற பெயரில் நடந்தது. 36,282 பெண்கள், தினம் 1000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும், 7 வருடம். இதயத்தில் வித்தியாசம் இல்லை.

ஆனால் அந்தப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆய்வில் சேரும்போதே சொந்தமாகக் கால்சியம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அப்படியென்றால் வெற்று மாத்திரைக்காரர்களிலும் பலர் கால்சியக்காரர்கள்தான். ஆக்லாந்து குழு 2011இல் இதைப் பிடித்துக்கொண்டது. சொந்தமாகச் சாப்பிடாத 16,718 பேரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்ததில் மாரடைப்பு லேசாகக் கூடியிருந்தது. "விடை தெரிந்த பிறகு உங்களுக்கு வசதியான துண்டை வெட்டியெடுத்தீர்கள்" என்று மறுதரப்பு.

தணிக்கைக்காரியாக எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. வருடம் முடிந்த பிறகு தலைப்பு மாற்றிக் கணக்கெழுதுவது தப்பு. செலவு இரண்டு பக்கமும் கலந்து கிடக்கும்போது பிரித்துப் பார்க்காமல் விடுவதும் தப்பு.

இந்தச் சண்டையில் யாரும் கவனிக்காத ஒரு வரி: அதே ஆய்வில் சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. இதை ஆக்லாந்தும் மறுக்கவில்லை, அமெரிக்காவும் மறுக்கவில்லை.

ஜனவரி 15

திருத்தம். பெரிய திருத்தம்.

போன வாரம் ஒரு பதிலில் "நான் தினம் 2500 மி.கி. கால்சியம் எடுக்கிறேன்" என்று எழுதியிருந்தேன். லேபிளில் 1250 மி.கி. என்று இருக்கிறது, இரண்டு மாத்திரை, ஆக 2500. ஒரு மருந்தாளுநர் தம்பி நிதானமாக விளக்கினார். 1250 என்பது கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் 40 சதவீதம்தான் கால்சியம். ஆக ஒரு மாத்திரையில் 500. கால்சியம் சிட்ரேட் என்றால் 21 சதவீதம்தான். சில பாட்டில்களில் முன்பக்கம் ஒரு எண்ணும் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும். மொத்தத் தொகையையும் நிகரத் தொகையையும் குழப்பிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில்.

சரி, 1000தானே என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். அப்போது அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: "வேறு எதெதில் கால்சியம் இருக்கிறது என்று பார்த்தீர்களா அக்கா?"

வீட்டிலிருக்கும் எல்லா டப்பாவையும் மேசையில் கொட்டிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மல்டிவைட்டமின் மாத்திரையில் 200. நெஞ்செரிச்சலுக்கு மெல்லும் மாத்திரை, தினம் மூன்று மெல்லுவேன், மிட்டாய் மாதிரி இருக்கும். அதன் மருந்துப் பெயர் கால்சியம் கார்பனேட். ஒன்று 500 மி.கி., அதில் கால்சியம் 200, மூன்றுக்கு 600. அப்புறம் இரண்டு டம்ளர் பால், அதிலேயே 600 பக்கம் வரும். ஒரு கிண்ணம் தயிர், அது ஒரு 250.

கூட்டினால் 2650.

என் வயதுப் பெண்ணுக்குத் தேவை 1200 என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் வகுத்தது. 50 வயதுக்கு மேல் தாண்டக் கூடாத எல்லை 2000. எல்லாவற்றையும் எண்ணிய பிறகுதான் தெரிகிறது, பாலும் தயிரும் கணிசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் நான் பாட்டிலைத் திறந்து கொட்டியிருக்கிறேன். இதைச் செய்யச் சொன்னது எந்த டாக்டரும் இல்லை. ஒருவர் ஒன்றைக் கொடுத்தார், இன்னொருவர் இன்னொன்றை, மூன்றாவதை நானே வாங்கினேன். கூட்டிப் பார்த்தவர் யாருமில்லை. நான் உட்பட.

ஜனவரி 15, இரவு

"அந்த மிட்டாய் மாத்திரை எந்த சுவை?" என்று கேட்டவருக்கு: ஆரஞ்சு. அதுதான் பிரச்சினையே.

ஜனவரி 20

முதல்நாள் நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். விழுங்கிய சுண்ணாம்பு குழாய்க்குள் போய்ப் பூச்சுப் பூசுமா?

அப்படி இல்லை என்றுதான் புரிகிறது. குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிந்து அழற்சி வந்து புண்பட்ட இடத்தில், அங்கிருக்கும் செல்களே எலும்புச் செல்கள் மாதிரி நடந்துகொண்டு கால்சியத்தை இழுத்துப் படியவைக்கின்றன. ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாதவர்களுக்கும் இது உண்டு. புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று பழைய ஆட்கள்தான் முதல் வரிசைக் குற்றவாளிகள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டால் இந்தக் கால்சியப் படிவு கொஞ்சம் கூடவே செய்கிறது, மாரடைப்போ குறைகிறது. படிவு என்ற சொல்லைப் பார்த்ததும் பதற வேண்டாம் என்பதற்கு இது போதும்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அமெரிக்காவில் மெசா என்ற ஆய்வில் 10 வருட இடைவெளியில் இரண்டு முறை சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியானது. உணவும் மாத்திரையும் சேர்த்து மொத்தமாக நிறையக் கால்சியம் எடுத்தவர்களுக்குப் புதிய படிவு குறைவு. அதே ஆய்வில் மாத்திரை சாப்பிட்டவர்களைத் தனியாகப் பார்த்தால் 22 சதவீதம் அதிகம்.

இது எனக்குக் குறுகுறுப்பாக இருந்தது. ஒரே தாது, பாலில் வந்தால் ஒன்று, பாட்டிலில் வந்தால் வேறொன்றா? ஒரு விளக்கம் உண்டு. பாலிலிருந்து வருவது மெல்ல மெல்ல ரத்தத்தில் ஏறும். 1000 மி.கி.யை ஒரே மூச்சில் விழுங்கினால் சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் அளவு கொஞ்சம் எம்பி நிற்கும். ரத்தம் உறைவதிலும் குழாய்ச் சுவரிலும் அந்த எம்பல் ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், மாத்திரை வாங்கும் ஆளும் வாங்காத ஆளும் வேறு வேறு மாதிரியான ஆட்கள். நான் மாத்திரை வாங்கியது எனக்கு எலும்பு குறைந்திருந்ததால். எலும்பு குறைந்த உடம்பில் வேறென்னென்ன குறைந்திருந்ததோ.

ஜனவரி 27

இன்று காலையிலிருந்து கை நடுங்குகிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் ஜனவரி 8 குறிப்பைப் படித்துவிட்டு ஒரு பெண் தன் அம்மாவுக்குக் கால்சியத்தை நிறுத்திவிட்டாராம். அம்மாவுக்கு 74 வயது, எலும்பு நோய் முற்றியது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி. நேற்றுதான் எனக்குச் செய்தி அனுப்பினார், நன்றி சொல்லி.

அந்த ஊசி எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறுவதைத் தடுக்கும். அதனால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஆபத்தான அளவுக்கே இறங்கும். அதனால்தான் ஊசியோடு கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் குறைந்தாலும் இதயத் துடிப்பின் லயம் கெடும். இதயத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நிறுத்தினால் இதயத்தையே தொடுகிற விஷயம் இது.

உடனே அழைத்துப் பேசினேன். அவர்கள் டாக்டரிடம் கேட்டு மறுபடி தொடங்கிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் குறையில்லை, நான்கு நாள்தான் நின்றிருந்தது. ஜனவரி 8 குறிப்பை நீக்கலாமா என்று யோசித்தேன். நீக்கவில்லை. அதன் தலையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எலும்புக்கு ஊசியோ மருந்தோ எடுப்பவர்கள் என்னைப் பார்த்து எதையும் நிறுத்தாதீர்கள்.

ஜனவரி 29

மெக்னீசியம் சாப்பிட்டால் படபடப்பு போய்விடும் என்று எழுதிய தம்பிக்கு. பாதி உண்மை. மெக்னீசியம் குறைந்தால் துடிப்பு தாறுமாறாகும். ஒருவகை ஆபத்தான துடிப்புக்கு மருத்துவமனையில் நரம்பு வழியாக மெக்னீசியம்தான் ஏற்றுகிறார்கள். நெஞ்செரிச்சலுக்கு வருடக்கணக்கில் அமிலம் சுரப்பதையே குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011இல் எச்சரித்தது.

குறையாத ஆளுக்கு? நான் போன வருடம் கெண்டைக்கால் பிடிப்புக்கு 400 மி.கி. மெக்னீசியம், ஆக்சைடு வடிவில், எடுத்தேன். மூன்று நாள் கழிப்பறையை விட்டு வெளியே வரவில்லை. மாத்திரையாக எடுப்பதற்கு அங்கே 350 மி.கி. என்று எல்லை வைத்ததே இந்தக் காரணத்துக்காகத்தான் என்று பிறகு படித்தேன். காலில் பிடிப்பு போயிற்றா என்று கேட்காதீர்கள், கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் இது சிரிப்பு விஷயமில்லை. வெளியேற வழியில்லாமல் தேங்கி, துடிப்பையே மந்தமாக்கும்.

பிப்ரவரி 3

ஒரு மாதமாகக் கால்சியத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் ஒரு தாது உப்பு உண்மையிலேயே ஆளைச் சாய்க்கப் பார்த்தது. அது பொட்டாசியம்.

என் தம்பிக்கு 59 வயது. ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. அழுத்தத்துக்கு லோசார்ட்டன். உப்பைக் குறை என்றார்கள். எங்கோ படித்துவிட்டு "இதயத்துக்கு நல்ல உப்பு" என்று சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை வாங்கினான். உப்பைக் குறைக்கவில்லை, நல்ல உப்புதானே என்று தாராளமாகப் போட்டான். மூன்று வாரத்தில் கால் இழுத்துக்கொண்டு நடந்தான், படி ஏற முடியவில்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் 6.4. சாதாரணமாக 3.5லிருந்து 5க்குள் இருக்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது செல்கள் உடைந்தாலும் எண் பொய்யாக ஏறும் என்பதால் இரண்டாவது முறை எடுத்தார்கள். அதே எண். இ.சி.ஜி.யில் டி அலைகள் கூடாரம் மாதிரி கூர்மையாக எழுந்து நின்றன. ஒரு இரவு முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதலில் நரம்பில் ஏற்றியது எது தெரியுமா? கால்சியம். பொட்டாசியத்தின் பாதிப்பிலிருந்து இதயத் தசையைக் காக்க அதைத்தான் கொடுக்கிறார்கள். நான் பயந்து மேல் அலமாரிக்கு ஏற்றிய அதே சரக்கு, என் கண் முன்னால் என் தம்பிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

லோசார்ட்டன் வகை மருந்துகள் பொட்டாசியத்தை உடம்பில் பிடித்துவைக்கும். பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது. மேலே இவன் வேறு தூவினான்.

பிப்ரவரி 4

நேற்றையதைப் படித்துவிட்டு "அந்த உப்பைத் தடை செய்ய வேண்டும்" என்று எழுதியிருக்கிறார்கள். இல்லை, அவசரப்படாதீர்கள். சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேருக்கு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வந்தது. பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பும் குறைந்தது. ஆனால் தீவிர சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. என் தம்பி அந்தக் கிராமத்தில் பிறந்திருந்தால் அவனை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பிப்ரவரி 6

"தாது உப்பு என்பது மண்ணிலிருந்து வருவது, இயற்கையானது, உடம்புக்கு எப்படிக் கெடுதலாகும்?"

கோபால்ட்டும் மண்ணிலிருந்துதான் வருகிறது. 1960களின் நடுவில் கனடாவின் கியூபெக்கில் பியரில் நுரை நிற்பதற்காகக் கொஞ்சம் கோபால்ட் உப்பு சேர்த்தார்கள். நிறையக் குடித்தவர்கள் பலர் இதயத் தசை வீங்கி இறந்தார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: சீனாவில் கெஷான் என்ற இடத்தின் பெயராலேயே ஒரு இதய நோய் இருக்கிறது, அங்கே மண்ணில் செலினியம் இல்லாததால் வந்தது. செலினியம் கொடுத்ததும் குறைந்தது. செலினியம் போதிய அளவு இருப்பவர்களும் சாப்பிட்டால் என்ன என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்தார்கள். புற்றுநோய்க்காகத் தொடங்கியது, இதயத்தையும் கவனித்தார்கள். ஒரு லாபமும் இல்லை.

பிப்ரவரி 7

பியரைப் பற்றி மட்டும் 40 பதில்கள். இப்போது அதில் கோபால்ட் இல்லை, நிம்மதியாக இருங்கள். மற்றதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை.

பிப்ரவரி 11

வைட்டமின் கே2 கேள்வி ஐந்தாவது முறையாக வந்திருக்கிறது. "கே2 சேர்த்துச் சாப்பிட்டால் கால்சியம் எலும்புக்குப் போகும், குழாய்க்குப் போகாது." போக்குவரத்துக் காவலர் மாதிரி நின்று வழிகாட்டும் என்ற படம் மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. கே சார்ந்த ஒரு புரதம் குழாய்ச் சுவரில் படிவைத் தடுக்கிறது என்பது உண்மை. அதற்காக விழுங்கினால் பலிக்குமா? டென்மார்க்கில் இதய வால்வில் கால்சியம் படிந்திருந்த 365 ஆண்களுக்கு இரண்டு வருடம் கே2வும் டி-யும் கொடுத்துப் பார்த்தார்கள், 2022இல் வெளிவந்தது. வால்வில் படிவு நிற்கவில்லை.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. அந்த மருந்து வேலை செய்வதே வைட்டமின் கே-யை மடக்கித்தான்.

பிப்ரவரி 16

வேறொரு டாக்டரைப் பார்த்தேன். மேசையில் கொட்டிய டப்பாக்களைப் பையில் அள்ளிக்கொண்டே போனேன். முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "ரத்த அழுத்தத்துக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?"

ஹைட்ரோகுளோரோதயசைடு. நீர் மாத்திரை. அதை நான் இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, அது கால்சியம் இல்லையே! அந்த வகை நீர் மாத்திரை கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் ரத்தத்திலேயே நிறுத்தும் என்றார். 2650 உள்ளே வருகிறது, வெளியேறும் வாசலையும் அடைத்திருக்கிறேன். டிகாக்ஸின் என்ற இதய மருந்து சாப்பிடுகிறேனா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை. அது இருந்து ரத்தத்தில் கால்சியமும் ஏறினால் துடிப்பு கெடுமாம். தைராய்டு மாத்திரை உண்டு. அதற்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேரம் இடைவெளி வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. ஆறு வருடமாக இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கியிருக்கிறேன்.

ரத்தம் எடுத்தார்கள்.

பிப்ரவரி 18

கால்சியம் 10.8. மேல் எல்லை 10.5. ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் அடங்கிப்போய் இருந்தது. சுரப்பி கெட்டிருந்தால் கூடியிருக்கும், ஆகவே குற்றவாளி பையில் இருந்த டப்பாக்கள்தான். மாத்திரை, மல்டிவைட்டமின், ஆரஞ்சு மிட்டாய் மூன்றையும் ஆறு வாரம் நிறுத்தச் சொன்னார். பால், தயிர் தொடரலாம். நீர் மாத்திரையை மாற்றவில்லை, முதலில் இதைப் பார்ப்போம் என்றார்.

சி.டி.யில் தெரிந்த படிவுக்கு ஸ்டாட்டின் எழுதினார். "அந்தப் படிவு என்னவென்று உங்கள் கொலஸ்ட்ராலைக் கேளுங்கள், பாட்டிலைக் கேட்காதீர்கள்" என்றார். என் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168. ஆறு வருடத்தில் அதை நான் ஒருமுறைகூடப் பார்க்கச் சொன்னதில்லை. எலும்பு, எலும்பு, எலும்பு.

மார்ச் 2

கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்கிறார்கள். பந்தயமா இது?

2014இல் 18 ஆய்வுகளை, 63,563 பெண்களைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு இதய நோய் கூடியதாகத் தெரியவில்லை. 2016இல் அமெரிக்க எலும்பு அமைப்பும் ஒரு இதயநோய்ச் சங்கமும் சேர்ந்து, மேல் எல்லையைத் தாண்டாதவரை இதயத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்றன. ஆக்லாந்துக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அதைவிடப் பட்டது 2018இல் அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு சொன்னது. பராமரிப்பு இல்லத்தில் இல்லாமல் வீட்டில் வாழும், எலும்பு நோயோ முறிவோ இல்லாத மாதவிடாய் நின்ற பெண்கள், முறிவைத் தடுப்பதற்காகத் தினம் 1000 மி.கி. வரை கால்சியமும் 400 யூனிட் வரை டி-யும் சாப்பிட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. இதயத்துக்குப் பயந்து அல்ல. முறிவு குறையவில்லை, கல் மட்டும் கூடுகிறது. அந்தப் பெண் நான்தான். என் கணக்கில் வரவுப் பத்தியே காலி என்றால், செலவு 14 மாரடைப்பா, ஒன்றுமே இல்லையா என்று இத்தனை நாள் எதற்கு மல்லுக்கட்டினேன்? முதலில் வரவைப் பார்த்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களோ, பாலே ஒத்துக்கொள்ளாதவர்களோ, ஊசி போடுபவர்களோ கிளம்பிவிடாதீர்கள். ஜனவரி 27ஐ மறுபடி படியுங்கள்.

ஏப்ரல் 1

கால்சியம் 9.6. தைராய்டு எண்ணும் தானாகவே சீராகியிருக்கிறது, அதன் மாத்திரையில் அளவைக் குறைத்திருக்கிறார்கள். ஏணி போட்டு ஏறி மேல் அலமாரிப் பாட்டிலை எடுத்தேன். காலாவதியாகி எட்டு மாதம்.

நடை கூட்டியிருக்கிறேன். பால் குடிக்காத நாளில் மட்டும் 500 மி.கி. ஒன்று, சாப்பாட்டோடு, தைராய்டு மாத்திரைக்கு எட்டாத நேரத்தில். அப்படி ஒரு நாள் இந்த மாதம் வரவில்லை.

ஏப்ரல் 5

ஆரஞ்சு மிட்டாய் இல்லாமல் நெஞ்செரிச்சல் திரும்பிவிட்டது. கால்சியம் இல்லாத திரவ மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். இம்முறை குடிப்பதற்கு முன்பே லேபிளைப் படித்தேன். முதல் வரி: மெக்னீசியம் ஹைட்ராக்சைடு.

பாட்டிலைக் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.